ஹிட்லர் மகனுக்குப் பேர் வைத்த நாள்

புத்தகத்தில் தன் மகனின் பெயரைப் பார்த்ததும் கண்ணையனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பதற்கில்லை. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் காலமெல்லாம் மல்லாட்டை மூட்டை, அதுதான் வேர்க்கடலை மூட்டை, சுமந்து தேய்ந்துபோன ஆள் அவர். தலை நரைத்த பிறகு அ, ஆ எழுதக் கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்டவர் எழுத்து எழுத்தாக விரலை வைத்துத் தடவிக்கொண்டு போகிறபோது, நடுப்பக்கத்தில், கொட்டை எழுத்தில், தன் வீட்டுப் பிள்ளையின் பெயர் வந்து நின்றால் நெஞ்சு பூரிக்காதா?

"டீச்சர், எம் புள்ள பேரு போட்டுக்கீது!" என்று கத்தியே விட்டார்.

கமிட்டிக்குப் பின்தெருவில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில்தான் அந்த மாலை வகுப்பு நடந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், மார்க்கெட் கூட்டுகிற பெண்கள், இட்லிக் கடைக்காரம்மா என்று பத்துப் பேர் வருவார்கள். வேலை முடித்து, கைகால் கழுவி, தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தெல்லாம் பழகி முடித்தவர்களுக்கு அமலா டீச்சர் பழைய பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகங்களைக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்வார். அன்றைக்குக் கண்ணையன் முறை.

"எங்கண்ணா? காட்டு" என்று எட்டிப் பார்த்தாள் லூர்துமேரி. காய்கறி மார்க்கெட்டில் துடைப்பம் பிடிக்கிறவள். அவள் வாய்க்கு அந்த வராந்தாவே அடக்கம்.

"தோ பாரு. ஹி...ட்...ல...ர்."

"அட ஆமாம்! சேர் ஆட்டோ ஓட்டற உம் புள்ள பேரு பொஸ்தகத்துல வந்துட்டுதுன்னா, ஊரக் கூட்டற எம் பேரு எந்தப் பக்கத்துல வரும்? பாத்துச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணையனும் சிரித்தார். அமலா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "மேல படிங்க ஐயா" என்றார்.

கண்ணையன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். உலகத்தில் ஒரு பெரிய சண்டை நடந்ததாம். ஜெர்மனி தோற்றதாம். ஜெயித்த நாட்டுக்காரர்கள் அவர்களை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார்களாம். நிலத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு, தண்டமும் போட்டு, சண்டைக்கு நீயே காரணம் என்று ஒத்துக்கொள்ளவும் வைத்தார்களாம். வேலையில்லை, சாப்பாடில்லை, தலை நிமிர்த்த வழியில்லை. இதுவரைக்கும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. தன் கதையையே யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது. அவமானப்பட்டுக் கிடந்த அந்த ஜனங்கள் தங்களுக்காகக் கை ஓங்க ஒருத்தன் வரமாட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தான். குதிரையேறி வந்து நாட்டைப் பிடுங்கவில்லை. ஓட்டு வாங்கி, பெரிய கட்சியாகி, அப்புறம்தான் நாற்காலிக்கு வந்தான்.

வந்தவன் மற்ற கட்சிகளை மூடினான். தொழிற்சங்கங்களை மூடினான். எல்லாக் கஷ்டத்துக்கும் யூதர்கள்தான் காரணம் என்றான். அவர்கள் சட்டையில் மஞ்சள் துணியில் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும் என்றான். அதற்கப்புறம் அவர்களை ரயிலில் ஏற்றி முகாமுக்கு அனுப்பினான். அங்கே பூட்டிய அறைக்குள் விஷப்புகை விட்டு, கிழவர், பெண்கள், குழந்தைகள்...

வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வரியை மேலோட்டமாகப் பார்த்துத் தாண்டிப் போய்விடலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. கு, ழ, ந், தை என்று ஒவ்வொன்றையும் வாயால் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கண்ணையனின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

லூர்துமேரிதான் மெல்லக் கேட்டாள்.

"அண்ணா... இந்த ஆளு பேரயா புள்ளைக்கு வச்சிக்கின?"

"எனக்கு வேற மாதிரி சொன்னாங்கம்மா" என்றார் கண்ணையன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

சொன்னவர் அந்தக் காலத்து மேஸ்திரி மாசிலாமணி. அப்போது கண்ணையனுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் அவர் தூக்கிவந்த மூட்டை தையல் விட்டு, மல்லாட்டை தரையெல்லாம் சிதறியது. மண்டிக் கணக்குப்பிள்ளை வந்து பேச்சுக்கு முன்னே பளாரென்று கன்னத்தில் அறைந்தான். அந்த நேரம் பார்த்துக் கேப்பைக் கூழோடு வந்து நின்றாள் மனைவி அம்சா, நிறைமாத வயிற்றோடு. புருஷன் அறை வாங்குவதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி தூக்குச்சட்டி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு டீக்கடையில் மாசிலாமணி சொன்னார்: "ஹிட்லர்னு ஒருத்தன் இருந்தாண்டா கண்ணையா. ஒத்த ஆளு. நம்மள ஆண்டுக்கினு இருந்தான் பாரு வெள்ளக்காரன், அவனையே ஓட ஓட வெரட்டினான். அந்த மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் இவனுங்கல்லாம் அடங்குவானுங்க." மறு வாரம் பிள்ளை பிறந்தது. யாரும் கன்னத்தில் கை வைக்க முடியாத ஒரு பெயர் கண்ணையனுக்கு வேண்டியிருந்தது. கையில் இருந்தது அது ஒன்றுதான்.

வகுப்பு கலைந்தது. கண்ணையன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு டீச்சருக்காக வாசலில் நின்றார்.

"டீச்சர், முசோலினின்னா யாரு?"

"ஏன் ஐயா?"

"சும்மாதான்."

அமலா டீச்சர் சைக்கிள் பூட்டைத் திறந்தபடியே சொன்னார். "இத்தாலியில இருந்தவரு. ஹிட்லருக்கு முன்னாடியே அங்க எல்லாத்தயும் கையில எடுத்துக்கிட்டவரு. கறுப்புச் சட்ட போட்ட ஆளுங்கள வச்சிருந்தாரு. எதிர்த்துப் பேசறவங்களப் புடிச்சி, வெளக்கெண்ணெய வாயில ஊத்தித் தெருவுல விடுவாங்க, ஊரே பாத்து சிரிக்கட்டும்னு. அப்புறம் ரெண்டு பேரும் கூட்டு சேந்தாங்க. ரெண்டாவது உலகப் போருக்கு அதுவும் ஒரு காரணம். நாளைக்கு அந்தப் பாடந்தான் படிக்கப் போறோம்."

கண்ணையன் தலையாட்டினார். வரும் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் தன் பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. மகன் ஹிட்லர் தேர்ந்தெடுத்து, டிஜிட்டல் பேனர் வரைக்கும் அடிக்கக் கொடுத்திருக்கும் பெயர் முசோலினி என்பதையும் சொல்லவில்லை. விளக்கெண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் மகனின் ஆட்டோ ஸ்டாண்டு ஏன் நினைவுக்கு வந்தது என்பதை எப்படிச் சொல்வது?

போன மாதம் நடந்தது அது. விழுப்புரம் ஜங்ஷன் எதிரில் சேர் ஆட்டோ ஸ்டாண்டு. முன்பெல்லாம் வந்த வரிசைப்படி வண்டி எடுப்பார்கள். ஹிட்லர் தலைவனான பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. அவன் தாடையால் யாரைக் காட்டுகிறானோ அந்த வண்டி கிளம்பும். ஒருநாள் அந்தோணிசாமி என்ற வயசாளி டிரைவர், கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போக நின்ற ஒரு பெண்ணை, ஹிட்லர் காட்டாமலே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்ததும் ஹிட்லர் அவரை நடுரோட்டில் நிற்கவைத்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னான். மனுஷன் காதைப் பிடித்துக்கொண்டு போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்ணையனும் சிரித்தார். சிரித்ததுகூடப் பெரிதில்லை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. என் பிள்ளையை ஒருத்தன் அறைய முடியாது, அவன்தான் அறைவான் என்று தோன்றியது. அந்தக் குளுமை இப்போது நினைத்தாலும் நாக்கில் தட்டுப்பட்டது. காறித் துப்பினாலும் போகாது போலிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, ஒடம்பு சரியில்லியா?" என்றாள் அம்சா.

"நம்ம புள்ள பேரு கெட்ட பேரும்மே."

அம்சா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பள்ளிக்கூடம் போயி இத்தக் கண்டுபுடிச்சிக்கினு வந்தியா? அன்னிக்கே சாமி பேரா ஒண்ணு வையின்னு தலபாடா அடிச்சிக்கினேன். மேஸ்திரி சொன்னாரு, மேஸ்திரி சொன்னாருன்னு குதிச்ச. இப்ப டீச்சர் சொல்றாங்கன்னு குந்திக்கினு அழுவுற. நீயா எப்பத்தான் யோசிப்ப?"

கண்ணையன் தட்டை இழுத்துக்கொண்டார். சோற்றில் கை வைத்தபோது செல்போன் அடித்தது. மருமகள் இளவரசி. பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறவள். சத்தம் போடாமல் பேசினாள்; பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுகிறாள் என்று தெரிந்தது.

"மாமா, நீங்கதான காதுல பேரு சொல்லணும்?"

"ஆமாம்மா."

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. முப்பது கும்பிடுகிற அன்றைக்கு, அதாவது குழந்தை பிறந்த முப்பதாம் நாள், குழந்தையின் அப்பனைப் பெற்றவர்தான், வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு, குழந்தையின் வலது காதில் மூன்று தரம் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு நிமிர்ந்து சபைக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். காதில் விழுந்தது எதுவோ அதுதான் பெயர். அதற்குமேல் அப்பன்கூட மாற்ற மாட்டான். மாற்றினால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள்.

"அவரு வைக்கச் சொல்ற பேரு வேணாம் மாமா. நான் சொன்னா 'உனுக்கு எம்பேரே கேவலமா இருக்குதா'ன்னு கத்தறாரு. எங்கப்பா வாயத் தொறக்கவே பயப்படறாரு. நீங்க சொல்லிட்டா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. கோகுலகிருஷ்ணன்னு நான் மனசுல வச்சிருக்கறேன். அதுவே வேணும்னு இல்ல. எதுனாலும் பரவால்ல. நாளைக்கு அவன் பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு சொல்ற மாதிரி ஒரு பேரு."

"நான் பாத்துக்கறம்மா" என்றார் கண்ணையன். சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் ஸ்டாண்டுக்குப் போனார். ஹிட்லர் முன்சீட்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் காலை இறக்கினான். அந்த மரியாதை அவனிடம் எப்போதும் உண்டு. டீக்கடைப் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு ஒரு டீ, ஜல்தியா" என்றான்.

"டீ வாணாண்டா. கொஞ்சம் தள்ளி வா, பேசணும்."

இருவரும் ரயில்வே சுவர் ஓரமாக நடந்தார்கள். கண்ணையனுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. மூட்டையானால் எந்தப் பக்கம் கை கொடுத்துத் தூக்குவது என்று தெரியும்.

"நேத்து வகுப்புல ஒரு பாடம் படிச்சன். உம் பேரு இருந்துது."

ஹிட்லர் நின்றான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரி."

"அந்த ஆளு இன்னா பண்ணினான்னு எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது. குழந்தைங்களயெல்லாம்..."

"எனுக்குத் தெரியும்" என்றான் ஹிட்லர்.

கண்ணையன் அவனைப் பார்த்தார்.

"பத்தாவதுல படிச்சன். வாத்தியாரு அந்தப் பாடத்த மட்டும் என்னய எழுந்து நின்னு படிக்கச் சொன்னாரு. மொத்த கிளாசும் சிரிச்சிது. அவரும் சிரிச்சாரு. முழுப் பாடத்தயும் படிச்சிட்டுத்தான் உக்காந்தன். அப்பறம் போற எடமெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு வாயால புகை வுடுவானுங்க."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொல்லி? நீ படிச்சா பாப்ப?" அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "நீ அவ்ளோ ஆசயா கூப்புடுவ. 'என் ஹிட்லரு வந்துட்டாண்டி, சோறு போடு'ன்னு. அத்த எப்படிக் கெடுக்கறதுன்னு வுட்டுட்டன்."

ஒரு சரக்கு ரயில் போயிற்று. கண்ணையன் கண்ணுக்கு முன்னால் அந்த வகுப்பு வந்தது. மகனுக்குப் பதினைந்து வயது; வகுப்பில் எழுந்து நிற்கிறான்; கையில் புத்தகம் ஆடுகிறது. அந்தக் காட்சியைத் தன்னால் எப்படி இத்தனை வருடம் பார்க்காமல் இருக்க முடிந்தது என்று கண்ணையன் நினைத்தார். நேற்று வராந்தாவில் அவர் பட்டதை அந்தப் பையன் அன்றைக்கே பட்டிருக்கிறான். அவரைச் சுற்றியாவது யாரும் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் எதுக்குடா உம் புள்ளைக்கு முசோலினி?"

"ஏன், அதுக்கு இன்னா?" இப்போதுதான் அவன் குரல் தடித்தது. "எல்லாரும் சிரிச்ச பேரு இது. இப்ப எவனாச்சும் சிரிக்கறானா? ஜங்ஷன்ல போய் ஹிட்லருன்னு சொல்லிப் பாரு. எழுந்து நிப்பான். நீ வச்ச பேர நான் அடிச்சி அடிச்சி நேராக்கி வச்சிக்கீறன். இப்ப எம் புள்ளைக்கு சாதாவா ஒரு பேர வச்சா இன்னா அர்த்தம்? ஹிட்லரே 'எம் பேரு தப்பு'ன்னு ஒத்துக்கினான்னு அர்த்தம். மறுநாளே ஸ்டாண்டுல ஒருத்தன் வாயால புகை வுடுவான். அத்தப் பாத்து இன்னொருத்தன் வுடுவான். ஒரு அடி பின்னால வச்சா அவ்ளோதாம்பா. ஏறி மிதிச்சிடுவானுங்க."

"தப்பு உம்மேல இல்லடா. எம் மேலதான்..."

"அப்ப நான் தப்புல பொறந்தவனா? முப்பது வருஷமா தப்ப சொமந்துக்கினு திரியறனா?"

"அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற?" அவன் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஞாயித்துக்கெழம எங்க ஆளுங்க அத்தினி பேரும் வர்றாங்க. நீ காதுல சொல்லிட்டு சத்தமா சொல்லு. மாத்தி எதனா சொன்ன, சபையில வச்சி எம் மூஞ்சில காறித் துப்பின மாதிரி. அதுக்கப்பறம் உனுக்குப் புள்ளயும் இல்ல, பேரனும் இல்ல."

போகும்போது டீக்கடையைப் பார்த்து, "அப்பாவுக்கு அந்த டீ இன்னா ஆச்சு?" என்று அதட்டிவிட்டுப் போனான். டீ வந்தது. கொண்டுவந்தவர் ஹிட்லர் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நீட்டினார். கண்ணையன் அதைக் குடித்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் டீக்கடைக்காரருக்கு ஆபத்து என்று தோன்றியது. குடித்து முடித்த பிறகு, அது ஒரு சாக்கு என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனத்தில் சம்பந்தி வீட்டுத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். தெருமுனையில் ஆள் உயரத்துக்கு மேல் பேனர். வலதுபக்கம் கறுப்புச் சட்டையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹிட்லர், இடதுபக்கம் தூங்குகிற குழந்தை, நடுவில் நெருப்புப் பிழம்பு மாதிரி எழுத்தில் 'ஹிட்லரின் வாரிசே வருக! முசோலினியே வாழ்க!' கண்ணையனால் முன்பெல்லாம் பேனரைப் படிக்க முடியாது. படம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்றைக்கு ஒவ்வோர் எழுத்தும் கண்ணில் வந்து குத்தியது. பேனர் காற்றில் சாயாமல் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தோணிசாமி நின்றிருந்தார்.

"வாங்கண்ணே" என்று சிரித்தார் அந்தோணிசாமி.

"உன்ன யாரு இங்க நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. காத்தடிக்குதே, கிழிஞ்சிடப் போவுதுன்னு நானாத்தான் புடிச்சிக்கினேன்."

பந்தலுக்குள் ஸ்டாண்டு ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் சுற்றிவந்தார். மணைப்பலகையில் இளவரசி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்துக் கண்ணையனுக்குப் பயமாக இருந்தது.

குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள். இடுப்புக் கயிறு கட்டினார்கள். அம்சா ஒரு வெற்றிலையை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "வாங்க, பேரு சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

கண்ணையன் குனிந்தார். பச்சைப் பிள்ளையின் காது வெற்றிலைக் காம்பு அளவுதான் இருந்தது. பால் வாடை அடித்தது. வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு, "கோகுலகிருஷ்ணன்" என்றார். குழந்தை காலை உதைத்தது. "கோகுலகிருஷ்ணன்." மூன்றாவது தரம் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சொல்லிவிட்டேன், இந்த ஜென்மத்தில் ஒரு நல்ல காரியம் பண்ணிவிட்டேன் என்று நினைத்தார். அந்த வெற்றிலைக்குப் பின்னால் அவரைப் போல தைரியசாலி அந்தத் திண்டிவனத்திலேயே கிடையாது.

நிமிர்ந்தார்.

"சத்தமா சொல்லுப்பா! எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றான் ஹிட்லர்.

இளவரசி பலகையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அம்சா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை ஆட்கள் கைதட்டுவதற்குத் தயாராக உள்ளங்கையை விரித்துவைத்திருந்தார்கள். கண்ணையன் மகன் முகத்தைப் பார்த்தார். அதட்டுகிற முகத்தைப் பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர் பார்த்தது அந்த முகத்துக்கு அடியில் இருந்த பையனை. எழுந்து நிற்கிறான், வகுப்பே அவனைப் பார்க்கிறது, யாராவது சிரித்துவிடுவார்களோ என்று வாயோரம் துடிக்கிறது. இன்னொரு தரம் அவனை அப்படி நிற்கவைப்பதா? நிற்கவைக்காவிட்டால் இந்தச் சின்னவன் நிற்பானே? பிள்ளை மேல் இரக்கமா, பிள்ளையிடம் பயமா என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"முசோலினி!"

பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். எல்லோரும் திரும்பினார்கள். அந்தோணிசாமி. பேனர்க் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். "பெரியவரு சொன்னது எனக்குக் கேட்டுது! முசோலினி! தலைவரு புள்ள முசோலினி!"

பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். வெளியே யாரோ சரவெடிக்குத் திரி கிள்ளினார்கள். ஹிட்லர் சிரித்தான், கண்கலங்கிச் சிரித்தான். அப்பாவை வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் விலகியபோதுதான் கண்ணையன் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தன. யாரும் தட்டச் சொல்லவில்லை. நிறுத்தலாம் என்று நினைத்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டின.

பந்தியில் அந்தோணிசாமி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நல்லா சத்தமா சொன்னனாண்ணே? தலைவரு என்னயப் பாத்தாரில்ல?"

"பாத்தான்."

"நாளையிலருந்து காலையில மொத சவாரி எனக்குக் குடுப்பாரு பாருங்க." இலையில் இன்னொரு வடை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நீங்க ஏண்ணே பேசாம நின்னுட்டீங்க? வயசாச்சுன்னா தொண்ட அடைச்சிக்கும். எனக்கும் அப்படித்தான்."

அந்த ஆளை வெறுக்கப் பார்த்தார் கண்ணையன், முடியவில்லை. தோப்புக்கரணம் போட்டவனுக்கு முதல் சவாரி வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டே அதைப் பார்த்தவனுக்கு என்ன வேண்டியிருந்தது? புத்தகத்தில் அந்த ஹிட்லரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். கைதட்டின ஜனங்களைப் பற்றி இரண்டே வரிதான். மிச்சத்தையும் எழுதுவதென்றால் இந்தப் பந்திக்கு வந்து உட்கார்ந்தால் போதும் என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார்.

உள்ளறையில் இளவரசி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணையன் வாசல்படியிலேயே நின்றார்.

"காதுல இன்னா மாமா சொன்னீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தார். அதற்கும் தெம்பு இல்லை.

"நீ சொன்ன பேருதாம்மா. மூணு தரமும் அதத்தான் சொன்னன்."

அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "கோகுலா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். அது தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டது. இளவரசி அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றார் கண்ணையன். அவள் அழவில்லை.

"அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொல்லிட்டீங்க. அவனால வெளிய சொல்ல முடியாதே மாமா."

"நீ... நீ அப்படியே கூப்புடும்மா. வீட்டுக்குள்ள."

"வீட்டுக்குள்ள" என்றாள் அவள். கோபமாகக்கூட இல்லை. கெட்டுப்போன பாலை ஊற்றிவிட்டுத் திரும்புகிறவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே பந்தலில் பாட்டு போட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஹிட்லரின் குரல் கேட்டது. "எங்கய்யா எம் முசோலினி? கொண்டாங்க, போட்டோ எடுக்கணும்! யப்பா, நீயே தூக்கிக்கினு வா!"

இளவரசி குழந்தையைக் கொடுக்கவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. மடியை அப்படியே வைத்திருந்தாள். கண்ணையன் உள்ளே போனார். அவளைப் பார்க்காமல் குனிந்து, ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்துக் குழந்தையைத் தூக்கினார். வாசலில் வெயில் முகத்தில் அடித்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சிரிப்பா" என்றான் மகன்.

கண்ணையன் சிரித்தார்.